பஸ் ஓட்டாத அப்பா

"சார், நீங்க எந்த ரூட்டு ஓட்டுறீங்க?"

பள்ளிக்கூட வாசலில் மகளை ஸ்கூட்டரிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டிருந்தேன். கேட்டது அவளுடைய மிஸ்.

"மெயின் ரோடு வழியாத்தான் மிஸ். குறுக்கு வழியில ஒரே பள்ளம்."

"இல்ல சார், பஸ்ஸு. திருத்துறைப்பூண்டி பஸ் ஓட்டுறீங்கன்னு பாப்பா சொன்னா. எங்க அம்மா அதுலதான் வருவாங்க, அதான் கேட்டேன்."

நான் மகளைப் பார்த்தேன். அவள் தன் ஷூவைப் பார்த்தாள். வயது ஐந்து. பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் காலைப் பார்ப்பது என்னிடமிருந்து அவளுக்குப் போன சொத்து. வேறு சொத்து பெரிதாக எதையும் நான் சேர்த்து வைக்கவில்லை.

நான் ஸ்கூட்டரையே இரண்டு காலையும் தொங்கப்போட்டுக்கொண்டு ஓட்டுகிறவன். என்னை நம்பி ஐம்பது பேர் ஏறிய ஒரு பஸ்ஸை ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். அந்த ஐம்பது பேரும் கண்ணை மூடிக் குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் விசாரணை நடந்தது.

"ஏன் பாப்பா அப்படிச் சொன்ன?"

"உங்க அப்பா என்ன வேலைன்னு மிஸ் கேட்டாங்க. நான் மொதல்ல செஞ்சுதான் காட்டினேன்."

"என்ன செஞ்சு காட்டின?"

தலையிலிருந்த ஹேர்பேண்டை ஹெட்போன் மாதிரி காதுக்கு இழுத்து மாட்டிக்கொண்டாள். முதுகைக் கூனாக்கிக்கொண்டாள். சுவரைப் பார்த்து, "எஸ் எஸ்... ஓகே ஓகே... ஷ்யூர் ஷ்யூர்" என்று மூன்று முறை தலையாட்டினாள். பன்னிரண்டு வருட உத்தியோகத்தை இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

"எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் ஒருத்தன் எந்திரிச்சு, 'அவங்க அப்பாவுக்கு வேலை போயிடுச்சு, சும்மா வீட்ல இருக்காருன்னு எங்க அம்மா சொன்னாங்க'ன்னு சொன்னான். அதான்."

குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊரடங்கின்போது சென்னையிலிருந்து ஒரு லேப்டாப்பையும் ஒரு மூட்டைத் துணியையும் தூக்கிக்கொண்டு வந்தவன், திரும்பிப் போகவில்லை. இங்கிருந்தே வேலை செய்கிறேன் என்று கம்பெனியிடம் அடம் பிடித்தேன், விட்டுவிட்டார்கள். ஊர்தான் விடவில்லை. கம்ப்யூட்டர் வேலை என்றால் ஆள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்க வேண்டும், தீபாவளிக்கு மட்டும் வர வேண்டும். பகல் பதினொரு மணிக்குக் கைலியோடு வாசலில் நின்று மோருக்குக் காத்திருக்கிறவனுக்கு வேலை இருக்கிறது என்று யாரும் நம்பத் தயாராக இல்லை. நியாயம்தான், என்னைப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வராது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ வந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். முதல் வாரம் ஒரு பையனின் அப்பா வந்தார். அறுப்பு மெஷின் ஓட்டுகிறவர். குறுவை அறுப்பு நடக்கிற சமயம். வயலுக்குப் போகிற வழியில் மெஷினைப் பள்ளிக்கூட வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தி ஒருமுறை உறுமவிட்டார். பேசவே இல்லை, பேச வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த வாரம் முத்துப்பேட்டைப் பக்கத்து அம்மா ஒருவர், மீன் வியாபாரி, வாளியில் உயிர் நண்டு கொண்டுவந்தார். அதற்கடுத்த வாரம் துபாயில் கிரேன் ஓட்டும் ஒரு வாப்பா வீடியோ காலில் வானத்திலிருந்து கையசைத்தார். கண்ணில் காணாத அப்பாவுக்கு வேலை இருக்கிறது. தினம் கண்முன்னால் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு வேலை இல்லை.

வருகிற வெள்ளி என் முறை.

"வந்தா, பஸ் ஓட்டுறேன்னு சொல்லு. இல்லாட்டி வராத" என்றாள் மகள்.

"அப்பாவைப் பொய் சொல்லச் சொல்றியா?"

"நான் சொல்லிட்டேன்ல? நீ இல்லன்னு சொன்னா என்னையப் பொய்க்காரின்னு சொல்வாங்க. யாரும் பக்கத்துல உக்கார மாட்டாங்க."

உதடு பிதுங்கியது. பொய் அவளுடையது என்றாலும், அதைச் சொல்லவைத்தது என் கைலியும் என் தலையாட்டலும்தான்.

என் மனைவி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஊசியைக் காட்டினால் போதும், வேலை என்னவென்று எந்தக் குழந்தைக்கும் புரிந்துவிடும். அவள் சுலபமாகச் சொன்னாள்: "ஒரு காக்கிச் சட்டையப் போட்டுட்டுப் போங்களேன். பாம் பாம்னு ரெண்டு ஹாரன் அடிச்சுட்டு வந்துடுங்க. பத்து நிமிஷ வேலை."

"முடியாது."

"ஏன், கௌரவம் கொறஞ்சிடுமா?"

"கௌரவம் இல்ல. ஏற்கெனவே ஒரு தடவை இதச் செஞ்சு பட்டவன் நான்."

ஒன்பதாம் வகுப்பில் உதவித்தொகைக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். 'தந்தையின் தொழில்' என்று ஒரு கட்டம். என் அப்பா அப்போது அடுத்தவர் வயல்களில் கூலி. நாற்றுப் பறிப்பது, வரப்பு வெட்டுவது, கட்டு சுமப்பது, எல்லாம். என் பெஞ்சில் இருந்த மற்றவர்கள் 'விவசாயம்', 'கடை', 'ஆசிரியர்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் எனக்குத் தெரிந்ததிலேயே பெரிய உத்தியோகத்தை எழுதினேன்: 'கிராம நிர்வாக அலுவலர்'.

அதில் கையெழுத்து வாங்க வேண்டியது கிராம நிர்வாக அலுவலரிடம்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. நேராகக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிப் படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிப் படித்தார்.

"தம்பி, உங்க அப்பா என்ன வேலை?"

"வி.ஏ.ஓ. சார்."

"எந்த ஊருக்கு?"

"இந்த ஊருக்குத்தான் சார்."

"அப்ப நான் யாருப்பா?"

நான் என் காலைப் பார்த்தேன்.

நான் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பா அடிபம்பில் சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "அடுத்த தடவ கலெக்டர்னு போடு. இவருகிட்டக் கையெழுத்துக்கு நிக்க வேணாம் பாரு" என்றார். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அடிச்சுட்டு எழுது."

அடித்துவிட்டு 'விவசாயம்' என்று எழுதினேன்.

"யாரு வயல்ல?"

பேனாவை மூடினேன்.

"கூலின்னு சேரு. செய்யுற நான் வெக்கப்படல, உக்காந்து தின்னுற ஒனக்கு என்னடா வெக்கம்?"

சேர்த்தேன். மறுநாள் அதே அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்பா பிற்பாடு கடைமடையில், வாய்க்கால் முடிகிற இடத்தில், தண்ணீர் கடைசியாக வருகிற இடத்தில், ஒன்றரை மா நிலம், அதாவது அரை ஏக்கர், வாங்கினார். அதனால்தானோ என்னவோ விலை படிந்தது. ஆனால் அந்தக் கட்டத்தை அதற்கப்புறம் நான் மாற்றி எழுதியதில்லை. காக்கிச் சட்டை போடவும் மாட்டேன்.

சரி, என் வேலைதான் என்ன? அடுத்தவர் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பது. எங்கள் ஊர் டீக்கடையில் இதை இலவசமாகவே செய்கிறார்கள். எனக்குச் சம்பளம் தருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வெளிநாட்டில் பல் டாக்டரிடம் போக போனிலேயே நேரம் வாங்கும் ஒரு செயலி. அதை எழுதுகிறவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். நான் முட்டாள் மாதிரி அதைப் பயன்படுத்திப் பார்த்து எங்கே உடைகிறது என்று சொல்ல வேண்டும். முட்டாள் மாதிரி நடிக்க எனக்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை.

அந்தச் சமயம் ஒரு தகராறும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் செயலி வீட்டு எண் போடாவிட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாது. அந்த நாட்டிலும் கதவு எண் இல்லாத வீடுகள் இருக்கின்றன, ஒதுக்குப்புறத்தில், பண்ணைகளில். அவர்கள் பல்வலியோடு கிடக்க வேண்டியதுதான். நான் குறை எழுதினேன். "அந்த மாதிரி ஆளுங்க ரொம்பக் கம்மி, விட்டுடுங்க" என்று மேலாளர் அந்தக் குறையை 'முடிந்தது' என்று குறித்து மூடினார். நான் திறந்தேன். மூடினார். திறந்தேன். மூன்றாவது முறையும் மூடியிருந்தார். கடைமடைக்காரன் மகனிடம் "கடைசி ஆளுதானே" என்று சொல்லக் கூடாது. அது அவருக்குத் தெரியாது, பாவம்.

இதை ஐந்து வயதுக்கு எப்படிச் சொல்வது? வீட்டில் ஒத்திகை பார்த்தேன்.

"கம்ப்யூட்டர் நாம சொன்னதச் செய்யும் பாப்பா."

அவள் லேப்டாப் அருகே குனிந்து, "தோசை சுடு" என்றாள். காத்திருந்தாள். "சொன்ன பேச்சு கேக்கல. ஒன்ன மாதிரியே" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை படங்கள் போட்டுத் தயாரித்த லேப்டாப்போடு போனேன். கைலி இல்லை, பேன்ட். இருபத்திரண்டு குழந்தைகள். எல்லோரும் வெள்ளைச் சீருடை. மிஸ் ஒரு குட்டி நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்து வந்தது. அதுவரைக்கும் என் நிகழ்ச்சி அமோக வெற்றி.

"அங்கிள், பஸ்ஸ எங்க நிறுத்தியிருக்கீங்க?" என்று ஒரு பெண் ஜன்னலை எட்டிப் பார்த்தாள்.

மகள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவள் கண் என்னிடம் 'சொல்லிடு, சொல்லிடு' என்று கெஞ்சியது. ஒரு 'பாம் பாம்'தான். சொல்லியிருக்கலாம்.

"நான் பஸ் ஓட்டலடா கண்ணுங்களா. எனக்கு ஓட்டவும் தெரியாது. நான் கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறேன்."

வகுப்பு முழுதும் மகள் பக்கம் திரும்பியது. அவள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "நான்தான் சொன்னேன்ல மிஸ், சும்மாதான் இருக்காரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். படத்தைப் போட்டேன். "இதுல கார்ட்டூன் வருமா?" என்றார்கள். வராது என்றதும் இருபது பேர் ஒன்றாகக் கொட்டாவி விட்டார்கள். மகள் தலையைத் தூக்கவே இல்லை. அவளை அந்த இடத்தில் மாட்டிவிட்டு நான் மட்டும் யோக்கியனாக நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

லேப்டாப்பை மூடினேன். "எல்லாரும் வெளிய வாங்க. கம்ப்யூட்டர் செய்வோம்."

கை கழுவும் குழாயடியில் நல்ல மணல் இருந்தது. குச்சியால் ஒரு வாய்க்கால் கிழித்தேன். வாய்க்காலோரமாக நான்கு வயல், வரப்போடு. டெல்டாப் பிள்ளைகள் அல்லவா, உடனே நிபுணர் குழு கூடிவிட்டது.

"அங்கிள், வாய்க்கா மேடா இருக்கு. தண்ணி ஏறாது."

"வரப்பு இப்படிக் கட்டுனா ஒடைஞ்சிடும்."

அறுப்பு மெஷின்காரர் மகன் பேசவில்லை. சாப்பாட்டு டப்பாவின் மூடியை எடுத்துவந்து என் வாய்க்காலை அழித்து, சரியாக வெட்டினான்.

"சார், இன்னிக்கு வெள்ளை யூனிஃபார்ம் சார்" என்றார் மிஸ், அழாத குறையாக.

ஒவ்வொரு வயலுக்கும் ஒரு குழந்தையை உட்காரவைத்தேன். அவர்கள் கைதான் மடை. கையை வைத்தால் தண்ணீர் நிற்கும், எடுத்தால் பாயும். நான்காவது, கடைசி வயலுக்கு ஆள் தேடியபோது என் மகள் தானாகவே வந்து உட்கார்ந்தாள். ஆசையில் வரவில்லை. என்னிடமிருந்து ரொம்ப தூரத்தில் இருந்தது அந்த இடம்தான்.

"நல்லாக் கேளுங்க. இப்ப நீங்கல்லாம் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் சொந்தமா யோசிக்காது. நான் சொல்றத மட்டும் செய்யணும். மொத வயல், பத்து எண்ணுற வரைக்கும் தொற, அப்புறம் மூடு. அப்புறம் ரெண்டாவது வயல், பத்து. மூணாவது, பத்து. நாலாவது, பத்து. நாப்பது ஆனதும் குழாய மூடிடணும். அவ்வளவுதான்."

குழாயைத் திறந்தோம். இருபத்திரண்டு தொண்டைகள் எண்ணின. முதல் வயல் ததும்பியது. இரண்டாவது நிறைந்தது. மூன்றாவது சுமாராக நனைந்தது. நாற்பது என்றதும் ஒருவன் குழாயை இறுக்கி மூடினான். "முடிஞ்சுது! பாத்தீங்களா? இதுதான் கம்ப்யூட்டர்!" என்று நானே கைதட்டினேன்.

"என் வயலுக்கு வரல" என்றாள் மகள்.

பார்த்தேன். தண்ணீர் அவள் கைக்கு ஒரு சாண் முன்னால் வந்து மணலுக்குள் போய்விட்டிருந்தது.

"நாப்பது எண்ணியாச்சே பாப்பா."

"வரல."

"சொன்னபடிதான மூடினேன்!" என்றான் குழாய்க்காரன், தன் கடமையில் குறை சொல்லப்பட்ட கோபத்தோடு.

"ஆமா, அவன் சொன்னபடிதான் செஞ்சான்" என்றேன் நானும்.

அவள் எழுந்தாள். பாவாடையில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டவில்லை. வாய்க்காலோரமாகவே நடந்துவந்து குழாய்க்காரனை ஒதுக்கிவிட்டு, இரண்டு கையாலும் குழாயை முழுதாகத் திருகித் திறந்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"அவன் மேல தப்பு இல்ல. சொன்னதே தப்பு. நீதான் தப்பாச் சொன்ன!"

"பாப்பா, அப்பாகிட்ட இப்படியெல்லாம் பேசக் கூடாது" என்றார் மிஸ்.

"பேசட்டும் மிஸ். அவ சொல்றதுதான் சரி."

வயலுக்குப் பத்து என்று கணக்காகப் பிரித்தேன். வழியில் வாய்க்காலும் குடிக்கும் என்பதை மறந்துவிட்டேன். காய்ந்த வாய்க்கால் தன் பங்கைக் குடித்த பிறகுதான் கடைசி வயலுக்கு விடும். எங்கள் பக்கத்தில் கடைமடைக்காரன் வீட்டுப் பூனைக்குக்கூட இது தெரியும். ஒன்றரை மா நிலத்தை வைத்துக்கொண்டு என் அப்பா இருபது வருடமாக இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறார். மகன் மறந்துவிட்டான். பேத்தி ஞாபகப்படுத்தினாள்.

தண்ணீர் ஓடி அவள் வயலுக்குள் நுழைந்தது. பிறகு நிற்காமல் வரப்பை உடைத்துக்கொண்டு மிஸ்ஸின் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனது. அந்தக் கூச்சலில் நான் சொன்னேன்: "இதுதான் என் வேலை. ஒருத்தர் சொல்வாங்க, கம்ப்யூட்டர் அப்படியே செய்யும். கடைசி ஆளுக்குப் போய்ச் சேந்துச்சான்னு நான் பாப்பேன். சேரலைன்னா, 'நீங்க சொன்னதே தப்பு'ன்னு திருப்பிச் சொல்வேன். இப்ப அவ சொன்னா பாருங்க, அதே மாதிரி."

அறுப்பு மெஷின்காரர் மகன் யோசித்தான். "சொன்னா ஒடனே தண்ணி விட்டுருவாங்களா அங்கிள்?"

"விட மாட்டாங்க. மூடிடுவாங்க. நாம திரும்பத் தொறக்கணும்."

அவ்வளவுதான், எல்லோருக்கும் குறை சொல்லும் வெறி பிடித்துவிட்டது. மூன்றாவது வயல் சின்னது. குழாய் ஒழுகுகிறது. குச்சி கோணல். எங்கள் அலுவலகத்தில் ஒரு மாதத்துக்கு வரும் குறைகள் பத்து நிமிடத்தில் வந்தன. பாதி என் தொப்பையைப் பற்றியவை. திருத்திக்கொள்ள அவகாசம் கேட்டிருக்கிறேன்.

திரும்பும்போது திருத்துறைப்பூண்டி பஸ் எங்களை முந்திக்கொண்டு போனது. ஸ்கூட்டரின் முன்னால் நின்றிருந்த மகள் அது மறையும்வரை பார்த்தாள்.

"பொய்க்காரின்னு யாராச்சும் சொன்னாங்களா பாப்பா?"

"ஒருத்தன் சொன்னான். குழாயத் தொறந்தது நான்தான்னு சொன்னேன். பேசாம வந்து பக்கத்துல உக்காந்துட்டான்." கொஞ்ச தூரம் கழித்து, "ஆனா பஸ்ஸுதான் நல்லாருக்கும்" என்றாள். அதை நான் மறுக்கவில்லை.

வெள்ளைச் சீருடைகள் இருபத்திரண்டும் அழுக்கோடு வீட்டுக்குப் போயின. கூடவே செய்தியும் போனது. போகப் போக வளர்ந்தது. கடைசி வயலுக்குத் தண்ணீர் போகிறதா என்று கம்ப்யூட்டரில் பார்க்கிற உத்தியோகம் எனக்கு என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அடுத்த வாரம் ஒரு பகலில், எங்கள் வயலுக்கு மேற்கே நிலம் வைத்திருக்கும் பெரியப்பா முறைக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நம்ம வாய்க்காலுக்கு எப்ப தண்ணி மொறைன்னு அதுல பாத்துச் சொல்லேன்."

"பெரியப்பா, அது பல் டாக்டரு சமாச்சாரம்."

"பல்லா?" என்றார். ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. "அப்ப ஊரு சொன்னது சரிதான். சும்மாதான வீட்ல உக்காந்திருக்க, வா, வந்து தண்ணி கேட்டு ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக் குடு."

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து மகள் ஓடிவந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

"எங்க அப்பா ஒண்ணும் சும்மா இல்ல! வேலையில இருக்காரு. அஞ்சு மணிக்கு மேல வாங்க, எழுதித் தருவாரு."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் என் திரையில் கிரிக்கெட் ஸ்கோர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பார்ப்பதற்குள் அதை மூடினேன். வீட்டு எண் இல்லாதவர்களின் குறையைத் தேடி எடுத்து, மூன்றாவது முறையாகத் திறந்தேன்.